என்பின் குருத்து

திருகோணமலைக் கரையோரத்தில் வாழ்வோர்க்குப் பனையின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஓலையை வெட்டினாற் பொறுத்துக்கொள்ளும். அடிமரத்திற் கத்தி பட்டாலும் நிமிர்ந்து நிற்கும். உச்சியிலுள்ள குருத்துக்கு ஊறு நேர்ந்தால் மட்டும் அது தப்புவதில்லை. மாவும் வேம்பும் ஒரு கிளை முறிந்தால் மறுகிளை விடும். பனைக்கு அவ்வழி இல்லை. அதன் வளர்ச்சி முழுவதும் அந்த ஒரு குருத்திலே அடங்கியிருக்கின்றது.

குருத்து என்னும் சொல்லை நம் முன்னோர் உடம்புக்கும் உரியதாக்கினர். செவிமடலிலும் மூக்கின் நுனியிலும் உள்ள வளையக்கூடிய பகுதியைக் குருத்தெலும்பு என்கின்றோம். இளமையும் மென்மையும் பற்றி வந்த பெயர் அது. ஆனால், அப்பெயர் முழுப் பொருளோடும் பொருந்துகின்ற இடம் செவியுமன்று, மூக்குமன்று. வளரும் பிள்ளையின் கைகால் எலும்புகளின் நுனியை அடுத்து, மெல்லிய தட்டுப் போன்ற குருத்தெலும்புப் படை ஒன்று உண்டு. அதிலிருந்தே எலும்பு நீளுகின்றது. மருத்துவ நூலார் அதனை வளர்ச்சித் தட்டு என்பர். என்பின் குருத்து என்று சொன்னால், பனையை அறிந்த எவர்க்கும் விளங்கும்.

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு எலும்பிலே என்ன அலுவல் என்று வாசகர் வினவலாம். அலுவல் உண்டு. இது ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு. பிள்ளை விழுந்து கை வீங்கினால் நாம் முதலிற் சொல்லுவது "சுளுக்கு" என்பது. அச்சொல் வாயில் வந்த மறுகணம் நோவெண்ணெய்ப் போத்தல் கைக்கு வந்துவிடுகின்றது. பெரியவர்கள் திறத்திற் பெரும்பாலும் பொருந்துகின்ற அச்சொல், பிள்ளைகள் திறத்திற் பலவேளை பொருந்துவதில்லை. பொருந்தாத ஒரு சொல்லினால் ஒரு கை வாழ்நாள் முழுதும் கோணிப்போகவுங் கூடும். இதனையே இங்கு விரித்துரைக்க விழைகின்றேன்.

புறக்காழ்

தொல்காப்பியர் மரபியலிலே நிலைத்திணையை இருவகையாகப் பகுத்தார். உள்ளே வயிரம் உடையது மரம். வெளியே வயிரம் உடையது புல். இம்முறையிற் பனையும் தெங்கும் புல்லினத்தைச் சேர்ந்தவை. இவ்விலக்கணத்தை எலும்புக்கு ஏற்றிப் பார்த்தால் அதுவும் புறக்காழ் உடையதே. தொடையெலும்பின் நடுப்பகுதி புறத்தே திண்ணிய சுவராகவும் அகத்தே மச்சை நிறைந்த குழலாகவும் இருக்கும். இரு முனைகளின் உட்புறமோ கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்தது. பாரத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்கும் அமைப்பு இது.

எலும்பு வெறுங் கல்லும் அன்று. சுண்ணாம்புச் சத்தும் புரத நாரும் கலந்து ஆனது. கோழியெலும்பு ஒன்றை வினாகிரியிற் சில நாள் ஊறவிட்டால் சுண்ணச் சத்துக் கரைந்து, எலும்பு இழுத்தபடி வளையும். மற்றொன்றை நெருப்பிலிட்டால் நார் எரிந்து, தொட்டவுடன் நொறுங்கும். விஞ்ஞான ஆசிரியர்கள் வகுப்பிற் காட்டுகின்ற இவ்வெளிய சோதனை, வன்மையும் நெகிழ்ச்சியும் கூடியே எலும்பாகின்றன என்பதை ஐயமறக் காட்டும்.

இந்த எலும்பு எங்கே வளர்கின்றது? சீலை இழுபடுவது போல நெடுகிலும் நீளுகின்றதா, முனையில் மட்டும் நீளுகின்றதா? இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்ரீபன் ஹேல்ஸ் இதனை ஆராய்ந்து 1727 இல் வெளியிட்டார். செடிகளின் வளர்ச்சியை அளந்தவர் அவர். இளந்தண்டிற் புள்ளிகளிட்டு, அவற்றின் இடைவெளி எவ்வாறு மாறுகின்றதென நோக்கியவர். அதே முறையிற் கோழிக்குஞ்சு ஒன்றின் கால் எலும்பிலே அரை அங்குல இடைவெளியில் இரு சிறு துளைகளை இட்டார். இரண்டு மாதத்தின் பின்னர் அவ்வெலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளின் இடைவெளியோ அரை அங்குலமாகவே இருந்தது. எனவே நடுப்பகுதி நீளவில்லை. நீட்சி முழுவதும் முனைகளிலே நிகழ்ந்தது என்பது தெளிவாயிற்று. செடியை அளந்த கண்ணே எலும்பின் குருத்தையும் கண்டது.

கைகால்களின் நெடிய எலும்புகளுக்கு இரு முனையிலும் இக்குருத்து உண்டு. ஆயினும் இரண்டும் ஒரே அளவில் வளர்வதில்லை. தொடையெலும்பின் நீட்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் முழங்காலை அடுத்த முனையிலே நிகழ்கின்றது. மேற்கை எலும்பின் நீட்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் தோளை அடுத்த முனைக்கு உரியது. முன்கையின் ஆரையெலும்பிலோ நான்கில் மூன்று பங்கு மணிக்கட்டுப் பக்கத்தில் நிகழும். ஆகவே, மணிக்கட்டிற் படுகின்ற அடி மணிக்கட்டோடு முடிந்துவிடுவதில்லை. முன்கையின் எதிர்கால நீளத்தையே அது தொடுகின்றது.

இத்தட்டினுள் உயிர்க்கலங்கள் நாணயங்களை அடுக்கினாற்போல நிரல் நிரலாக நிற்கும். எலும்பு நுனியை அடுத்த பக்கத்திற் புதுக்கலங்கள் பிறக்கும். பிறந்தவை பருத்து, நடுப்பகுதியை அடுத்த பக்கத்தை எய்தியதும் சுண்ணம் ஏறி எலும்பாக மாறும். பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 13 முதல் 15 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதுக்குள்ளும் பெரும்பாலான தட்டுக்கள் எலும்பாகி மூடிவிடும். அதன்பின் நெடுமை கூடுவதில்லை.

இழுக்கத் தெரிந்த தசை

எலும்பு தானாக அசைவதில்லை, அசைப்பது தசை. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆதலினாலேயே தசைகள் இணை இணையாக அமைந்துள்ளன. முழங்கையை மடக்குவது மேற்கையின் முன்புறத்து இருதலைத் தசை. நீட்டுவது பின்புறத்து முத்தலைத் தசை. ஒன்று சுருங்க மற்றொன்று தளரும். கரைவலை இழுப்போரின் கைகளைப் பார்த்தால் இவ்விணையின் ஒழுங்கு கண்கூடாகும்.

தசை சுருங்கும் விதத்தை 1954 இல் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே விளக்கினர். தசைக்குள் இருக்கும் நுண்ணிழைகள் தம் நீளத்திற் குறைவதில்லை. இரு கைவிரல்களையும் ஒன்றினிடையே ஒன்றாகக் கோத்து உள்ளே நகர்த்தினாற்போல, ஒருவகை இழைகளினூடே மற்றொருவகை இழைகள் வழுக்கிச் செல்கின்றன. தசை முழுவதும் அதனாற் குறுகுகின்றது.

இவ்விழுவிசை எலும்பைச் சென்று சேர்வது தசைநாண் வழியாக. இருதலைத் தசையின் நாண், முழங்கை மூட்டுக்கு மிக அண்மையிலே ஆரையெலும்பைப் பற்றியிருக்கின்றது; தூக்கும் பொருளோ அதனினும் பன்மடங்கு தொலைவிலுள்ள உள்ளங்கையில் இருக்கின்றது. நெம்புகோற் கணக்குப்படி, தசை இழுக்க வேண்டிய விசை பொருளின் நிறையைப் போலப் பன்மடங்காகும். ஒரு வாளி தண்ணீரைத் தூக்கும் சிறுவனின் தசைநாணிலே பல வாளிகளின் பாரம் தொங்குகின்றது என்க. இத்தனை விசையும் வளர்ந்து முடியாத எலும்பின்மீதே விழுகின்றது.

கயிறும் முளையும்

எலும்போடு எலும்பை மூட்டிலே கட்டி வைப்பவை பிணைநார்கள். வளர்ந்தவர் காலைப் பிசகி வைத்தால் இந்நார் இழுபட்டோ கிழிபட்டோ போகும். அதுவே சுளுக்கு.

பிள்ளையின் உடம்பில் நிலைமை வேறு. கன்றைக் கட்டிய கயிறு புதியது, உறுதியானது; முளை அடித்த மண்ணோ ஈரமானது. கன்று துள்ளி இழுத்தால் எது விடும்? கயிறு அறாது, முளைதான் பெயரும். பிள்ளையின் பிணைநார் அக்கயிறு போல வலியது. அது பற்றியிருக்கும் எலும்பு முனையை அடுத்த குருத்தோ அந்த ஈரமண் போல இளகியது. பெரியவரின் நாரைச் சுளுக்குகின்ற அதே விசை பிள்ளையின் வளர்ச்சித் தட்டைப் பிளந்துவிடுகின்றது. வெளித்தோற்றம் இரண்டிலும் ஒன்றே: வீக்கம், நோவு, அசைக்க இயலாமை. பெயரை மாற்றிச் சொல்லிவிடுவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமா?

இக்காயங்களைக் கனடாவின் ரொறன்ரோ நகரத்து மருத்துவர்களான றொபேட் சோல்ற்றர், றொபேட் ஹாரிஸ் ஆகிய இருவரும் 1963 இல் ஐந்து வகையாகப் பகுத்தனர். உலகெங்கும் இன்றும் வழங்கும் பகுப்பு அது. தட்டின் வழியே மட்டும் பிளவு செல்வது முதல் வகை. தட்டின் வழியே சென்று எலும்பின் நடுப்பகுதியிலும் ஒரு துண்டைப் பெயர்ப்பது இரண்டாவது. மிகுதியாகக் காணப்படுவது இதுவே. தட்டிலிருந்து மூட்டை நோக்கி எலும்பு நுனியைப் பிளப்பது மூன்றாவது. நடுப்பகுதி, தட்டு, நுனி ஆகிய மூன்றையும் ஊடறுப்பது நான்காவது. தட்டு நசுங்குவது ஐந்தாவது. எண் ஏற ஏற, வளர்ச்சி தடைப்படும் அச்சமும் பொதுவாக ஏறும்.

பெற்றோர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. இக்காயங்களுட் பெரும்பாலானவை உரிய வேளையில் உரிய சிகிச்சை பெற்றால் வடுவின்றி ஆறிவிடுகின்றன. பிளவு பெரும்பாலும் பருத்த கலங்கள் உள்ள நலிந்த படையிலே செல்லுதலால், புதுக்கலங்கள் பிறக்கும் படை தப்பிவிடுகின்றது. அப்படையும் சிதைந்தால், அல்லது விலகிய துண்டு விலகியபடியே ஒட்டிக்கொண்டால், தட்டின் ஒரு பக்கத்தில் எலும்புப் பாலம் ஒன்று விழுந்துவிடும். அப்பக்கம் வளராது, மறுபக்கம் வளரும். எலும்பு கோணும். கோணல் அன்றே தெரிவதில்லை. மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழிந்தே வெளிப்படும். இங்கேதான் ஏமாற்றம் இருக்கின்றது. வீக்கம் ஒரு கிழமையில் வற்றிவிடும். "உருவிவிட்டோம், மாறிவிட்டது" என்று வீட்டார் மகிழ்வர். குருத்திலே நேர்ந்த ஊறோ ஓசையின்றித் தன் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்.

ஒரு மாணவன்

என் வகுப்பிலே ஒன்பதாந் தரத்திற் பயின்ற மாணவன் ஒருவனை நினைக்கின்றேன். கடற்றொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. செய்யுளை ஒருமுறை கேட்டால் மறவாதவன். அவன் இடக்கையால் எழுதுவான். இயல்பிலே இடக்கையன் போலும் என்றே எவரும் எண்ணுவர். எழுத்து அழகாக வராததைக் குறித்து ஒருநாள் நான் கேட்டபொழுது, வலக்கையைச் சட்டையின் கைப்பகுதிக்குள் இருந்து எடுத்துக் காட்டினான். மணிக்கட்டுப் பெருவிரற் பக்கமாகச் சாய்ந்திருந்தது. சிறுவிரற் பக்கத்து எலும்பு புறத்தே முட்டி நின்றது.

பத்து வயதிலே, கரையேற்றி வைத்த வள்ளத்தின் மேலிருந்து குதித்துக் கையூன்றி விழுந்தானாம். சுளுக்கு என்று சொல்லி மூன்று நாள் எண்ணெய் தேய்த்து உருவினார்களாம். நோவு போயிற்று. பன்னிரண்டு வயதளவிற் கை சாயத் தொடங்கிற்று. ஆரையெலும்பின் குருத்து நின்றுவிட, பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்தமையே அதற்குக் காரணம் என்று பின்னாளில் மருத்துவர் ஒருவர் விளக்கினார். "துடுப்புப் பிடிக்க ஏலாது, ஐயா, எழுதவாவது பழகட்டும் என்று அப்பா சொன்னவர்" என்றான் அவன். அவனை உருவியவர்கள் பகைவரல்லர், அவனைப் பெற்றவர்கள். அன்பிலே குறையில்லை. சொல்லிலேதான் குறை.

செய்யத்தக்கன

நம் ஊர்ப் பரிகாரியாரைப் பழிப்பது என் கருத்தன்று. முறிவு நெரிவு வைத்தியத்திலே தேர்ந்தவர் முறிந்த உறுப்பை மட்டை வைத்து அசையாமற் கட்டுவர், கண்டபடி பிசையார். தீங்கு செய்வது அரைகுறையாகக் கற்ற கையும், ஆராயாமல் உருவுகின்ற வழக்கமும். எக்ஸ்-கதிர்ப் படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குருத்தெலும்பு அப்படத்திலே தெரியாது; இரு எலும்புத் துண்டுகளுக்கு இடையே வெறும் இடைவெளி போலத் தோன்றும். ஆதலின், விலகல் இல்லாத பிளவு படத்தில் அகப்படாமலும் போகலாம். படத்தில் ஒன்றுமில்லை என்றபோதும், எலும்பின் முனையைத் தொட்டால் பிள்ளை துடிக்குமாயின், தேர்ந்த மருத்துவர் அதனைக் குருத்துக் காயமாகவே கொண்டு கட்டுப் போடுவர். சிலவேளை மற்றக் கையையும் படம்பிடித்து ஒப்பிடுவர்.

பாடசாலையில் இருப்போர் அறிந்திருக்க வேண்டியவை சிலவே. விழுந்த பிள்ளையை அடிபட்ட கையைப் பற்றித் தூக்கலாகாது. நோகின்ற இடத்தை ஒரு விரலாற் காட்டச் சொல்ல வேண்டும். எலும்பின் முனையைக் காட்டினால், அல்லது காலூன்ற மறுத்தால், அல்லது உறுப்புக் கோணித் தோன்றினால், அது சுளுக்கு அன்று என்றே கொள்ளுதல் தகும். உருவுதலும் இழுத்து நேராக்குதலும் கூடா. அடிமட்டம் ஒன்றையோ மடித்த பத்திரிகையையோ அணைவைத்து, துணியால் இதமாகக் கட்டி, கழுத்திலிருந்து கையைத் தூக்கிட்டு, அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். ஒரு கிழமை பத்து நாள் சென்றபின் வலிந்து நேராக்க முனைவது குருத்துக்கே கேடாகும். ஆதலின் "நாளைக்குப் பார்ப்போம்" என்பது இங்கு உதவாது. திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலும் ஏனைய அரசாங்க வைத்தியசாலைகளிலும் இதற்குக் கட்டணம் இல்லை. கட்டு அவிழ்த்த பின்னரும், மருத்துவர் குறித்த நாட்களில், ஓராண்டோ அதற்கு மேலோ பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுதல் மிக இன்றியமையாதது. இடையிலே கோணல் தொடங்கினால் அதனைத் தடுக்கவும் திருத்தவும் சத்திர சிகிச்சை முறைகள் இன்று உண்டு. காலந் தாழ்த்தினால் வழிகள் சுருங்கும்.

விழாமலே நேரும் ஊறும் ஒன்றுண்டு. தசைநாண் பற்றியிருக்கும் இடத்திலும் குருத்து உண்டு. மெக்கெய்சர் விளையாட்டரங்கிலும் கடற்கரை மணலிலும் நாள்தோறும் ஓடிப் பந்தடிக்கும் பிள்ளைகளுக்கு, முழங்காலின் கீழே முடிச்சுப் போல வீங்கி நோவதுண்டு. தொடைத்தசை அவ்விடத்தைத் திரும்பத் திரும்ப இழுப்பதனால் வருவது அது. 1903 இல் அமெரிக்காவில் ஒஸ்குட் என்பவரும், சுவிற்சர்லாந்தில் ஷ்லாற்றர் என்பவரும் தனித்தனியே இதனை எடுத்துரைத்தனர். குதிக்காலிலும் இவ்வாறு நேரும். இவை ஓய்வினால் ஆறும். "நோவைப் பொறுத்தவனே வீரன்" என்று பிள்ளையை மேலும் ஓடவிடும் பயிற்றுநர், தசை இழுப்பது கல்லையன்று, குருத்தை என்பதை நினைத்தல் வேண்டும்.

சொல்லின் கடமை

இத்தகைய செய்திகளைத் தமிழிற் சொல்ல இயலுமோ என்று ஐயுறுவார் இன்றும் உளர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் அந்த ஐயத்தை அன்றே தீர்த்துவைத்தார். 1860களில் அவர் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தினார். 1867 இல் "இரணவைத்தியம்", 1872 இல் "மனுஷ அங்காதிபாதம்" ஆகிய பெருநூல்கள் அவர் முயற்சியால் தமிழாயின. அங்காதிபாதம் என்னும் பெயர் கேசாதிபாதம் என்னும் நம் இலக்கிய மரபை நினைவூட்டுவது. முடி முதல் அடி வரை தலைவனைப் பாடிய மொழி, அதே நிரலில் எலும்பையும் தசையையும் எண்ணக் கற்றது. அந்தப் பணி நூலகத்து அலுமாரியோடு நின்றுவிடலாகாது. அது கடற்கரைக் குடிலுக்கும் சென்று சேரவேண்டும்.

பிரான்சிலே நிக்கொலா அந்திரி என்னும் மருத்துவர் 1741 இல் தாம் எழுதிய நூலுக்குக் கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்துப் பெயரிட்டார். அச்சொற்களின் பொருள் நேர்மை, பிள்ளை என்பன. எலும்பு மருத்துவத்துக்கு உலகம் வழங்கும் ஓதோபீடிக்ஸ் என்னும் பெயர் அதிலிருந்தே வந்தது. முதியோரின் முட்டி நோவையும் பார்க்கின்ற அம்மருத்துவம், பிள்ளையை நேராக வளர்த்தல் என்னும் பொருளிலே பிறந்தது என்பதை மறத்தலாகாது.

திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் நான்கிலே என்பு என்னும் சொல்லை ஆண்டுள்ளார். அன்பையும் என்பையும் அவர் அடுத்தடுத்து வைத்தது எதுகை நோக்கி மட்டும் அன்று என்றே நான் மாணவர்க்குச் சொல்லுவதுண்டு. தாயின் அன்பு எண்ணெயாக வந்து பிள்ளையின் கையை உருவுகின்றது. அதே அன்பு ஓர் அடிமட்டமாகவும் துணிக்கட்டாகவும் வருமாயின் கை பிழைக்கும். அதற்கு வேண்டுவது ஒரு சொல். ஆசிரிய அன்பர்கள் தத்தம் வகுப்பிலே "குருத்துக் காயம்" என்னும் தொடரை ஒருமுறை கரும்பலகையில் எழுதி, கயிற்றையும் முளையையும் சொல்லி விளக்குவார்களாக. மாணவர் அதனை வீட்டுக்குக் கொண்டுசெல்வர். பிள்ளை விழுந்த வீட்டில், எண்ணெய்ப் போத்தலுக்குக் கை நீளுமுன் யாரேனும் ஒருவர் அச்சொல்லை எடுத்துச் சொன்னாற் போதும்.